80 சதவீதம் எந்தக் கடைச் சரக்கு?

கல்யாண மண்டபத்துத் தலைமைச் சமையல்காரர் மிளகுக்கொடி வளர்ப்பதில்லை, உளுந்து விதைப்பதில்லை. உக்கிராணத்தில் மூட்டையாகவும் பாக்கெட்டாகவும் வந்து இறங்கியதைத்தான் எடுத்து ஆளுகிறார். ஆனாலும் ரசம் சரியில்லை என்றால் பந்தியில் பேர் கெடுவது அவருக்குத்தான். மிளகு விற்ற கடைக்காரரை யாரும் தேடிப் போவதில்லை. அதனால் விவரமான சமையல்காரர் சாமான் இறங்கும்போதே பக்கத்தில் நிற்பார். மிளகில் ஒரு பிடி அள்ளித் தண்ணீரில் போடுவார். நல்ல மிளகு அடியில் தங்கும். கலப்படமாகச் சேர்த்த பப்பாளி விதை மேலே மிதக்கும்.

சட்டத்தைப் பற்றி எழுதுகிறவர்களின் வேலையும் இப்படிப்பட்டதுதான். தீர்ப்பை அலசும் பேராசிரியரும், மேல்முறையீட்டுக்கு வாதம் எழுதும் வழக்கறிஞரும், பத்திரிகையில் சட்டப் பத்தி எழுதுபவரும் சிறையிலிருந்து வெளியே வந்தவர்களைப் பல வருஷம் பின்தொடர்ந்து கணக்கெடுப்பதில்லை. மூளையைப் படம் பிடிப்பதுமில்லை. யாரோ செய்த ஆய்வை எடுத்து, தாங்கள் சொல்ல வருவதோடு சேர்த்துச் சமைக்கிறார்கள். அந்தச் சமையல் எப்படி நடக்கிறது, எங்கே கெடுகிறது என்பதற்கு அமெரிக்காவின் ஒரே ஒரு எண்ணை எடுத்துக்கொள்கிறேன். 80 சதவீதம். இந்த எண் உச்ச நீதிமன்றம்வரை போய் உட்கார்ந்து, லட்சக்கணக்கானவர்களின் வாழ்க்கையைப் பாதித்த சட்டங்களுக்குத் தாங்குகட்டையாக இருந்திருக்கிறது.

முதலில், சட்டத்துக்கு ஆராய்ச்சி எதற்கு? 1942ல் கென்னத் கல்ப் டேவிஸ் என்ற சட்ட அறிஞர் வழக்கில் வரும் உண்மைகளை இரண்டாகப் பிரித்துக் காட்டினார். இந்த ஆள் அன்று இரவு அந்தத் தெருவில் இருந்தாரா என்பது ஒரு வகை. அதைச் சாட்சி சொல்ல வேண்டும். நாளுக்குப் பத்து மணி நேரத்துக்கு மேல் உழைத்தால் உடம்பு என்ன ஆகும், தண்டனை கூடினால் குற்றம் குறையுமா என்பவை இன்னொரு வகை. இவை ஒரு வழக்கின் ஆட்களைப் பற்றியவை அல்ல. உலகம் எப்படி இருக்கிறது என்பதைப் பற்றியவை. ஒரு சட்டம் நியாயமானதா என்று தீர்மானிக்க நீதிபதிக்கு இந்த இரண்டாவது வகை தேவைப்படுகிறது.

இதை வாதத்தின் நடுவில் கொண்டுவந்து வைத்தவர் லூயி பிராண்டைஸ். ஆரிகன் மாநிலத்தில் பெண்களின் வேலை நேரத்தை நாளுக்குப் பத்து மணி நேரமாக வரையறுத்த சட்டத்தைச் சலவை நிலைய உரிமையாளர் ஒருவர் எதிர்த்த வழக்கு அது. 1908ல் பிராண்டைஸ் கொடுத்த எழுத்து வாதம் நூறு பக்கத்தைத் தாண்டியது. அதில் சட்ட வாதம் என்று பார்த்தால் இரண்டே பக்கம். மீதியெல்லாம் தொழிற்சாலை ஆய்வாளர்களும் மருத்துவர்களும் பல நாட்டு அரசுகளும் எழுதிய அறிக்கைகளின் தொகுப்பு. அதைத் திரட்டியவர் ஜோசஃபின் கோல்ட்மார்க். உச்ச நீதிமன்றம் ஒருமனதாகச் சட்டத்தைக் காப்பாற்றியது. தொழிலாளர்களுக்கு நல்லதுதான். ஆனால் அந்தத் தொகுப்பில் பெண் உடலால் பலவீனமானவள் என்ற அந்தக் காலத்து எண்ணமும் ஆராய்ச்சி என்ற பேரில் சேர்ந்தே உள்ளே போனது. அதைச் சலித்துப் பார்த்தவர் அன்று யாருமில்லை.

சாட்சிக் கூண்டுக்கு வரும் நிபுணர் தப்ப முடியாது. நம் நாட்டில் முன்பு சாட்சியச் சட்டத்தின் 45ஆம் பிரிவு, இப்போது பாரதிய சாக்ஷிய அதினியத்தின் 39ஆம் பிரிவு நிபுணர் கருத்தை அனுமதிக்கிறது. ஆனால் அவர் கூண்டில் ஏறினால் எதிர்த்தரப்பு வழக்கறிஞர் குறுக்கு விசாரணை செய்வார். அமெரிக்காவில் 1993ல் வந்த டாபர்ட் தீர்ப்பு இன்னும் ஒரு படி மேலே போனது. அந்த முறையைச் சோதித்துப் பார்த்திருக்கிறார்களா, சக ஆய்வாளர்கள் பரிசீலித்திருக்கிறார்களா, தவறும் வீதம் எவ்வளவு என்றெல்லாம் பார்த்து நிபுணரை உள்ளே விடும் பொறுப்பை நீதிபதியிடமே கொடுத்தது. வாசலில் காவல் பலமாகத்தான் இருக்கிறது. ஆனால் டேவிஸ் சொன்ன இரண்டாவது வகை உண்மை பெரும்பாலும் வாசல் வழியாக வருவதில்லை. எழுத்து வாதத்தின் அடிக்குறிப்பில் வருகிறது. அங்கிருந்து தீர்ப்பின் அடிக்குறிப்புக்கும், தீர்ப்பைப் பற்றிய கட்டுரைக்கும் போகிறது. அடிக்குறிப்பைக் கூண்டில் ஏற்றிக் குறுக்கு விசாரணை செய்ய யாருமில்லை. உக்கிராணத்தின் பின்கதவு அது. அங்கே நிற்க வேண்டியவர் கட்டுரையாளர்தான் என்பது என் துணிபு.

இனி 80 சதவீதத்துக்கு வருவோம். கேன்சஸ் மாநிலச் சிறையில் பாலியல் குற்றவாளிகளுக்கு ஒரு சிகிச்சைத் திட்டம் இருந்தது. அதில் சேர்பவர் தன் பழைய குற்றங்களை எல்லாம் ஒப்புக்கொள்ள வேண்டும். சேர மறுத்தால் சிறைச் சலுகைகள் போய்விடும். இது தனக்கு எதிராகத் தானே சாட்சி சொல்ல வைப்பது என்று ஒரு கைதி வழக்குப் போட்டார். 2002ல் மக்யூன் எதிர் லைல் என்ற அந்த வழக்கில் நீதிபதி அந்தோணி கென்னடி மாநிலத்தின் பக்கம் எழுதினார். சிகிச்சை பெற்றவர்களில் மறுபடி குற்றம் செய்பவர்கள் 15 சதவீதம் அளவில் என்றும், சிகிச்சை பெறாதவர்களில் அது 80 சதவீதம்வரை இருக்கலாம் என மதிப்பிடப்பட்டிருக்கிறது என்றும் அதில் வருகிறது. அடுத்த வருஷம் ஸ்மித் எதிர் டோ வழக்கு. பாலியல் குற்றவாளிகளின் பேர், படம், முகவரி, வேலையிடம் எல்லாவற்றையும் இணையத்தில் போடும் அலாஸ்கா சட்டத்தை, அந்தச் சட்டம் வருவதற்கு முன்பே தண்டனை முடித்தவர்கள்மீதும் பாய்ச்சலாமா என்பது கேள்வி. இது தண்டனையே இல்லை, பாதுகாப்பு ஏற்பாடுதான், அதனால் பாய்ச்சலாம் என்றது தீர்ப்பு. இவர்கள் மறுபடி குற்றம் செய்யும் ஆபத்து ‘அச்சமூட்டும் அளவுக்கு அதிகம்’ என்று எழுதி, அதற்கு முந்தைய வருஷத்துத் தீர்ப்பையே ஆதாரமாகக் காட்டினார் கென்னடி. அந்தச் சொற்றொடர் பிறகு கீழ்நீதிமன்றத் தீர்ப்புகளில் டஜன் டஜனாக ஒட்டிக்கொண்டது.

ஐரா எல்மன் என்ற சட்டப் பேராசிரியரும் டாரா எல்மனும் இந்த எண்ணைக் கையிலெடுத்தார்கள். 2015ல் கான்ஸ்டிடியூஷனல் கமெண்டரி இதழில் வந்த அவர்களின் கட்டுரை, பாக்கெட்டின் மேல் ஒட்டிய சீட்டைப் படிப்பதோடு நிற்காமல் சரக்கு வந்த வழியே திரும்பி நடந்தது. 2003ஆம் வருஷத் தீர்ப்புக்கு ஆதாரம் 2002ஆம் வருஷத் தீர்ப்பு. அதற்கு ஆதாரம் 1988ல் மத்திய அரசு நீதித்துறையின் சிறைப் பயிற்சி அமைப்பு வெளியிட்ட ஒரு கையேடு. பாலியல் குற்றக் கைதிகளுக்குச் சிகிச்சை தருகிற ஊழியர்களுக்காகத் தொகுத்தது. கேன்சஸை ஆதரித்து மத்திய அரசு தாக்கல் செய்த எழுத்து வாதத்தில் இந்தக் கையேடு இருந்தது. கையேட்டைத் திறந்தால், 80 சதவீதத்துக்கு அது காட்டும் ஒரே ஆதாரம் 1986ல் சைக்காலஜி டுடே என்ற வெகுஜனப் பத்திரிகையில் வந்த கட்டுரை. அந்தக் கட்டுரையை எழுதியவர்களில் ஒருவர் ஆரிகனில் இப்படிப்பட்ட ஒரு சிகிச்சைத் திட்டத்தை நடத்திய ஆலோசகர். தன் திட்டத்தைப் பற்றி எழுதும்போது, சிகிச்சை பெறாதவர்களில் 80 சதவீதம்வரை மறுபடி குற்றம் செய்கிறார்கள் என்று ஒரு வரி. எந்த ஆய்வு, எத்தனை பேர், எத்தனை வருஷம் என்று எதுவும் இல்லை. வழி அங்கே முடிந்துவிடுகிறது. அதற்குப் பின்னால் தோட்டமே இல்லை.

இந்தச் சங்கிலியில் ஒரு கண்ணியும் போலி இல்லை. கையேடு இருக்கிறது, பக்கம் இருக்கிறது, அந்த வரியும் அங்கே இருக்கிறது. அமெரிக்கச் சட்ட இதழ்கள் பலவற்றை மாணவர்களே பதிப்பிக்கிறார்கள். அடிக்குறிப்பு ஒவ்வொன்றையும் மூலத்தோடு ஒப்பிட்டு, வருஷமும் பக்க எண்ணும் சரியா என்று அவர்கள் உயிரைக் கொடுத்துப் பார்ப்பார்கள். அந்தப் பரிசோதனையில் 80 சதவீதம் தேறிவிடும். சீட்டில் உள்ள கடைப் பேர் சரிதானா என்று பார்ப்பது ஒரு வேலை. உள்ளே இருப்பது மிளகுதானா என்று பார்ப்பது வேறு வேலை. இரண்டாவது வேலைக்குத்தான் ஆள் குறைவு. அச்சில் ஒவ்வொரு படி ஏறும்போதும் எண்ணின் மதிப்பு கூடிக்கொண்டே போவதும் இதனால்தான். பத்திரிகையில் ஒருவரின் மதிப்பீடாக இருந்தது, கையேட்டில் அரசு வெளியீடானது. தீர்ப்பில் நீதிமன்றத்தின் கூற்றானது. அடுத்த தீர்ப்பில் முன்னுதாரணமானது. ஆய்வு மட்டும் எந்தப் படியிலும் கூடவே இல்லை.

நல்ல சரக்கு அப்போது கிடைக்காமல் போயிருந்தால் மன்னிக்கலாம். கிடைத்தது. 1983ல் விடுதலையானவர்களை மூன்று வருஷம் பின்தொடர்ந்த அரசுப் புள்ளிவிவரம் 1989லேயே வெளிவந்தது. பாலியல் வன்கொடுமைக்காகச் சிறை சென்று வந்தவர்களில் 7.7 சதவீதம் பேர் மறுபடி அதே குற்றத்துக்காகக் கைதானார்கள் என்று அது கணக்குக் காட்டுகிறது. இதில் மனம் வருந்த வைக்கும் சேதி, அரசுப் புள்ளிவிவர அறிக்கைகளை அதே 2002 தீர்ப்பும் மேற்கோள் காட்டியிருக்கிறது என்பது. இவர்கள் மற்ற குற்றவாளிகளைவிட மறுபடி பாலியல் குற்றத்துக்குக் கைதாக அதிக வாய்ப்புள்ளவர்கள் என்ற ஒப்பீட்டை மட்டும் எடுத்துக்கொண்டது. எத்தனை சதவீதம் என்ற அளவை வேறு பாக்கெட்டிலிருந்து எடுத்தது.

ஒப்பீடு வேறு, அளவு வேறு என்பதைக் கிட்டத்தில் பார்க்க 2003 நவம்பரில் வந்த அரசுப் புள்ளிவிவர அறிக்கை ஒன்று போதும். 1994ல் 15 மாநிலச் சிறைகளிலிருந்து வெளியே வந்த 2,72,111 பேரை அது மூன்று வருஷம் பின்தொடர்ந்தது. அவர்களில் 9,691 ஆண்கள் பாலியல் குற்றத்துக்காக உள்ளே இருந்தவர்கள். இவர்களில் 517 பேர், அதாவது 5.3 சதவீதம், மறுபடி பாலியல் குற்றத்துக்காகக் கைதானார்கள். மற்ற குற்றங்களுக்காக உள்ளே இருந்து வந்த 2,62,420 பேரில் பாலியல் குற்றத்துக்குக் கைதானவர்கள் 3,328. இது 1.3 சதவீதம்.

இந்த நான்கு எண்களை வைத்து மூன்று தலைப்பு எழுதலாம். பாலியல் குற்றவாளிகள் மறுபடி பாலியல் குற்றத்துக்குக் கைதாவதற்கு, விடுதலையான மற்றவர்களைவிட நான்கு மடங்கு வாய்ப்பு என்று ஒன்று. பாலியல் குற்றவாளிகளில் சுமார் 95 சதவீதம் பேர் மூன்று வருஷத்தில் மறுபடி அந்தக் குற்றத்துக்குக் கைதாகவில்லை என்று இன்னொன்று. விடுதலையானவர்களில் பாலியல் குற்றத்துக்குக் கைதான 3,845 பேரில் 87 சதவீதம் பேர் வேறு குற்றங்களுக்காக உள்ளே இருந்து வந்தவர்கள் என்று மூன்றாவது. மூன்றும் ஒரே பானையிலிருந்து எடுத்தவை. மூன்றும் சரி. எந்தக் கரண்டியால் அள்ளுகிறார் என்பதை வைத்தே கட்டுரையாளரின் நேர்மையைச் சொல்லிவிடலாம். மடங்குக் கணக்கை மட்டும் தந்து அடிப்படை சதவீதத்தை மறைக்கிற கட்டுரையை நான் நம்புவதில்லை. அது எந்தப் பக்கம் வாதாடினாலும் சரி.

எல்மன் பக்கம் நிற்பவர்களுக்கும் இதே கண்டிப்பு வேண்டும். 5.3 என்பது கைது எண்ணிக்கை. பாலியல் குற்றங்களில் பெரும்பகுதி போலீஸ்வரை வருவதே இல்லை. ஆகவே உண்மையான அளவு அதைவிடக் கூடுதலாகத்தான் இருக்க வேண்டும். மூன்று வருஷம் குறுகிய காலமும்கூட. கனடாவின் ஆண்ட்ரூ ஹாரிஸும் கார்ல் ஹான்சனும் 2004ல் பல தொகுதித் தரவுகளைச் சேர்த்து நீண்ட காலம் பார்த்தபோது, மறுபடி பாலியல் குற்றத்தில் பிடிபட்டவர்கள் ஐந்து வருஷத்தில் 14 சதவீதம், பத்து வருஷத்தில் 20, பதினைந்து வருஷத்தில் 24 என்று வந்தது. 5.3ஐ மட்டும் சொல்லி இதை விட்டுவிட்டால் அதுவும் கலப்படம்தான். நீளமாகப் பார்த்தாலும், பதுங்கியதைக் கணக்கில் சேர்த்தாலும், ஆதாரமில்லாத 80 ஆதாரமுள்ளதாக மாறிவிடாது. ஆனால் அதை எதிர்ப்பவர் தனக்குச் சாதகமான சின்ன எண்ணோடு நின்றுவிடக் கூடாது.

அடுத்தது பதம். ஆய்வு எந்தக் கேள்விக்கு விடை சொல்கிறதோ, சட்டமும் அதே கேள்வியைத்தான் கேட்கிறதா? அலாஸ்கா சட்டத்தில் கேள்வி, இவர்கள் ஆபத்தானவர்களா என்பதோடு முடியவில்லை. ஆயுள் முழுக்கப் பட்டியலில் வைப்பது நியாயமா என்பது முதல் கேள்வி. பட்டியலைப் பொதுமக்களுக்குத் திறப்பதால் குற்றம் குறைகிறதா என்பது இரண்டாவது. முதலாவதற்கு ஹான்சன் குழுவினரின் 2014 ஆய்வு விடை தருகிறது. அதிக ஆபத்து என வகைப்படுத்தப்பட்டவர்களில் விடுதலையான முதல் ஐந்து வருஷத்தில் மறுபடி குற்றம் செய்தவர்கள் 22 சதவீதம். ஆனால் அதே வகையில் பத்து வருஷம் வெளியில் தவறேதும் செய்யாமல் இருந்துவிட்டவர்களுக்கு, அதற்கடுத்த ஐந்து வருஷத்தில் அது 4.2 ஆகக் குறைகிறது. காலம் போகப்போக ஆபத்து இறங்குகிறது. ஆயுள் பட்டியல் அந்த இறக்கத்தைக் கணக்கில் எடுப்பதே இல்லை.

இரண்டாவதற்கு ஜே.ஜே. பிரெஸ்காட், ஜோனா ராக்காஃப் இருவரும் 2011ல் வெளியிட்ட ஆய்வு. குற்றவாளியின் விவரம் போலீஸ் கையில் இருந்தால் பாலியல் குற்றம் குறைவதற்கு அவர்களுக்குச் சான்று கிடைத்தது. பொதுமக்களுக்கு அறிவிப்பதில் விளைவு இரண்டாகப் பிரிந்தது. புதிதாகக் குற்றம் செய்ய நினைப்பவர் அஞ்சுகிறார். ஏற்கெனவே பட்டியலில் இருப்பவர் மறுபடி குற்றம் செய்வது கூடலாம். வீடு கிடைக்காமல், வேலை கிடைக்காமல் ஒதுக்கப்பட்டவருக்கு நல்லபடி வாழ்வதற்கான பிடிமானம் அற்றுப்போவது காரணமாக இருக்கலாம் என்பது அவர்களின் விளக்கம். பதிவேடு வைப்பதும் அதை ஊருக்குத் திறந்துவிடுவதும் ஒன்றல்ல என்ற இந்த வேறுபாடு சட்டம் எழுதுகிறவருக்கு எத்தனை பெரிய உதவி!

2016ல் மிச்சிகன் மாநிலப் பதிவேட்டைப் பற்றிய வழக்கில் ஆறாவது வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் இப்படித்தான் பரிமாறியது. நீதிபதி ஆலிஸ் பேட்செல்டர் எழுதிய தீர்ப்பு, பொதுப்பதிவேட்டால் மறுகுற்றம் குறைகிறது என்பதற்குத் தன் முன் உள்ள ஆதாரம் மிகச் சொற்பம் என்றது. பிரெஸ்காட், ராக்காஃப் ஆய்வைச் சுட்டியது. ‘அச்சமூட்டும் அளவுக்கு அதிகம்’ என்ற கூற்றின்மீதே அண்மைய ஆய்வுகள் சந்தேகம் எழுப்புவதைக் குறிப்பிட்டது. பிறகு, பழைய குற்றத்துக்குப் புதிய கட்டுப்பாடுகளைப் பின்னோக்கிச் சுமத்துவது தண்டனையே என்று முடிவு செய்தது.  பதிவேடே வீண் என்று எழுதவில்லை. ஆதாரம் எதுவரை போகிறதோ அதுவரை போய் நின்றது. மாநில அரசு மேல்முறையீட்டுக்குப் போனபோது 2017 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் அந்த வழக்கை எடுக்க மறுத்தது. மிச்சிகனில் தீர்ப்பு நிலைத்தது. ஆனால் 2003ஆம் வருஷத் தீர்ப்பு ரத்தாகவில்லை. அது இன்னும் நாடு முழுவதற்குமான முன்னுதாரணம். நீதிமன்றத்தின் முன்னுதாரணத்தை நீதிமன்றம்தான் மாற்ற முடியும். எத்தனை கச்சிதமான கட்டுரை வந்தாலும், அதிலிருந்த எண் தானாக உதிர்ந்துவிடுவதில்லை.

நம் பக்கத்துக்கும் இது தொலைவில் இல்லை. 2010ல் செல்வி எதிர் கர்நாடக அரசு வழக்கில் நம் உச்ச நீதிமன்றம் நார்கோ சோதனை, பாலிகிராஃப், மூளை மின்னலைச் சோதனை ஆகியவற்றைப் பற்றிய வெளிநாட்டு ஆய்வுகளை விரிவாகப் பேசித்தான், ஒருவரின் சம்மதமில்லாமல் அவற்றைச் செய்யக் கூடாது என்றது. பாலியல் குற்றவாளிகளின் தேசியத் தரவுத்தளம் 2018 செப்டம்பரில் தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் பொறுப்பில் தொடங்கியது. இதை போலீஸ் முதலிய அமலாக்க அமைப்புகள் மட்டுமே பார்க்கலாம். கொடூரமான ஒரு குற்றம் நடந்து ஊரே கொதிக்கும்போது, அதைப் பொதுமக்களுக்குத் திறந்துவிட வேண்டும் என்று குரல் எழுவது இயல்பு. அந்தக் கோபத்தில் எனக்கும் பங்கு உண்டு. அப்போது எழுதப்படும் கட்டுரையில் அமெரிக்க எண் வந்து விழுவது எளிது. அதைவிடப் பயனுள்ள ஒரு வேலை இருக்கிறது. தமிழ்நாட்டுச் சிறைகளிலிருந்து இந்தக் குற்றங்களுக்குத் தண்டனை முடித்து வந்தவர்களில் எத்தனை பேர் மூன்று, ஐந்து, பத்து வருஷத்தில் மறுபடி அதே குற்றத்துக்குக் கைதானார்கள் என்பதை நம் ஆய்வாளர்கள் கணக்கெடுக்க வேண்டும். சிறைத்துறையும் காவல்துறையும் அதற்கான பதிவுகளைக் கொடுக்க வேண்டும். சட்டம் பற்றி எழுதுகிற நாம் அந்தக் கணக்கை விடாமல் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும்.